பத்மநாபபுரம் வரலாற்று நடை: அரசருக்கும் அவருக்கு மேல் அரசருக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பிக்கும் அரை நாள்

தக்கலைப் பகுதியில் பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் சனி, ஞாயிறு காலைகளில் நடத்திவரும் வரலாற்று நடையைப் பற்றிய மதிப்புரை இது. குமரி மாவட்டத்தில் கோட்டையையும் அரண்மனையையும் சுற்றிக் காட்டுவோருக்குக் குறைவில்லை. ஆனால் இந்த நடை ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு புறப்படுகிறது. ஆங்கில வரலாற்று நூல்களிலும் ஒப்பந்தங்களிலும் சட்டங்களிலும் மாறி மாறி வரும் ‘சாவரின்’, ‘சூஸரெய்ன்’ என்னும் இரு சொற்களும் ஒருவரைக் குறிப்பனவா, இருவரைக் குறிப்பனவா என்பதே அந்தக் கேள்வி. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டையும் ‘பேரரசர்’ என்று எழுதிவிட்டுக் கடந்து போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து மனம் கசந்தே ஆசிரியர் இதைத் தொடங்கினாராம். அந்த வேறுபாட்டை இவ்வளவு தெளிவாக வேறெவரும் விளக்கி நான் கேட்டதில்லை. அவர் சொல்லும் இரண்டு செய்திகளில் எனக்கு உடன்பாடில்லை. அவற்றையும் கீழே எழுதியிருக்கிறேன்.

புறப்படும் முன் அவர் தரும் விளக்கம் சுருக்கமானது. தன் நாட்டுக்குள் தனக்கு மேல் இன்னொருவர் இல்லாமல் ஆள்பவர் சாவரின். அந்த நிலைக்குத்தான் தமிழில் இறையாண்மை என்று சொல்கிறோம். சூஸரெய்ன் என்பவர் இன்னோர் அரசருக்கு மேலே இருப்பவர்; கீழே இருக்கும் அரசரின் அரியணையைப் பறிக்காமல், அவரிடம் திறை வாங்கிக்கொண்டு, அவர் வெளிநாடுகளோடு பேசும் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, உள்நாட்டு ஆட்சியை அவரிடமே விட்டுவைப்பவர். ஆகவே குடிமக்கள் இருந்தால் ஒருவர் சாவரின் ஆகலாம். சூஸரெய்ன் ஆவதற்கோ கீழே ஓர் அரசர் இருந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் முதற்சொல் மிகப் பழையது. பழைய பிரெஞ்சு வழியாக, ‘மேலே’ என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அதன் நடுவில் எழுதப்படும் ‘ஜி’ என்ற எழுத்து, ஆட்சியைக் குறிக்கும் ‘ரெய்ன்’ என்ற வேறொரு சொல்லோடு ஏற்பட்ட குழப்பத்தால் பின்னாளில் நுழைந்தது. இரண்டாவது சொல் முதற்சொல்லின் சாயலிலேயே பிரெஞ்சு மொழியில் ஆக்கப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆங்கிலத்துக்கு வந்தது. ஒலியாலும் பொருளாலும் இவை குழம்புவதற்கு அதுவே காரணம். சொல் வரலாற்றை ஆசிரியர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார். மற்றதெல்லாம் இடங்களிலேயே காட்டப்படுகிறது.

முதல் இடம் புலியூர்க்குறிச்சியில் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மர் தோற்கடித்தபோது பிடிபட்ட அப்படையின் அதிகாரி தே லனாய், பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்து, வலிய கப்பித்தான் (பெரிய தலைவர்) என்று பெயர் பெற்று, 1777இல் இறந்து இக்கோட்டைக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். கூரையில்லாத அந்தச் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் அருகருகே பொறிக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டிகள் பெரும்பாலும் போரின் வீரத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இந்த ஆசிரியரோ போருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1753இல், மாவேலிக்கரையில் டச்சுக்காரர்களோடு செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கையைப் பற்றித்தான் அங்கே அதிக நேரம் பேசினார். கடல் கடந்து வந்த ஒரு வல்லரசோடு, எவருடைய அனுமதியும் கேட்காமல், தன் பெயரில் உடன்படிக்கை செய்துகொள்ள ஓர் அரசரால் முடிகிறது என்றால் அவர் சாவரின். போரில் வெல்வதைவிட, வென்றபின் எதிரியோடு நேருக்கு நேர் அமர்ந்து கையெழுத்திடும் தகுதியே இறையாண்மைக்கு உறுதியான அடையாளம் என்ற அவர் வாதம் என் மனத்தில் நன்றாகப் பதிந்தது.

அங்கிருந்து பத்மநாபபுரம் அரண்மனைக்குச் செல்கிறோம். பூமுகம் எனப்படும் நுழைவு மண்டபத்தின் முகப்பில் தொங்கும் குதிரை விளக்கு, கூரையில் ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல் செதுக்கப்பட்ட மரப்பூக்கள், சீன வணிகர்கள் தந்ததாகச் சொல்லப்படும் நாற்காலி ஆகியவற்றை நிதானமாகப் பார்க்க நேரம் தரப்படுகிறது. அதற்கு மேலுள்ள மந்திரசாலைக்கு ஏறும் படி ஒடுக்கமானது. ஒருவர் பின் ஒருவராகத்தான் ஏற முடியும். தேங்காய்ச் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்த கரிய தரை, வண்ணத் தகடு பதித்த சாளரங்களிலிருந்து விழும் மங்கலான ஒளியைத் திருப்பிக் காட்டுகிறது. அரசரும் அமைச்சர்களும் அமர்ந்து பேசிய இந்தச் சிறிய அறையை ஆசிரியர் ‘உள்நாடு’ என்று அழைக்கிறார். வரி எவ்வளவு, தண்டனை என்ன, எந்த ஊருக்கு யார் அதிகாரி, குளத்து மடையை யார் பார்ப்பது என்பவை அனைத்தும் இங்கே முடிவாயின. சூஸரெய்ன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் பொதுவாக இந்த அறைக்குள் வருவதில்லை, அவர் வாசலில் நின்று திறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று அவர் சொன்னபோது, உடன் வந்த கல்லூரி மாணவி ஒருவர், “அப்பம் சார், கப்பம் கெட்டுன ராஜா ராஜாவே இல்லியா?” என்று கேட்டார். “ராஜாதான் மக்களே. நாட்டுக்குள்ள அவருதான் ராஜா. நாட்டுக்கு வெளியதான் அவருக்கு வாய் கிடையாது” என்றார் ஆசிரியர். பாடநூல்கள் பல பக்கங்களில் சொல்ல முயல்வதை அந்த மூன்று வரிகள் சொல்லிவிட்டன.

இந்த நடையின் உயிரான பகுதி உப்பிரிகை மாளிகையின் அடியில்தான் நடக்கிறது. மார்த்தாண்ட வர்மர் கட்டிய இந்த நான்கு நிலை மாளிகையில் கீழே கருவூலம். அதற்கு மேல் மூலிகை மரங்களால் செய்யப்பட்ட கட்டில் கிடக்கும் அரசரின் அறை. அதற்கும் மேல் அரசர் நோன்பிருக்கும் அறை. உச்சியில், சுவர் முழுவதும் ஓவியம் தீட்டப்பட்ட, பத்மநாப சுவாமிக்கென்றே ஒதுக்கப்பட்ட அறை. பொதுவாகப் பார்வையாளர்களை அங்கே ஏற விடுவதில்லை என்பதால் முற்றத்திலிருந்து அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கிறது. 1750ஆம் ஆண்டு ஜனவரியில் மார்த்தாண்ட வர்மர் தன் நாட்டைத் திருவனந்தபுரத்துப் பத்மநாப சுவாமிக்கே தானமாக எழுதிக்கொடுத்துவிட்டு, உடைவாளை இறைவன் திருமுன் வைத்து எடுத்துக்கொண்டு, அன்றுமுதல் பத்மநாப தாசன் என்ற பெயரில் ஆண்டார். திருப்படித்தானம் என்று வரலாறு குறிப்பிடும் இந்நிகழ்ச்சிக்குப் பின் திருவிதாங்கூரை ஆண்ட அரசர் அனைவரும் தாசர் என்றே தங்களைச் சொல்லிக்கொண்டனர். பணத்தின் மேல் அரசர், அரசரின் மேல் இறைவன் என்ற அந்த அடுக்கு, மரத்திலும் சுண்ணாம்பிலும் அப்படியே கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது.

எனக்கும் ஆசிரியருக்கும் கருத்து வேறுபடும் முதல் இடம் இதுவே. பத்மநாப சுவாமியைத் திருவிதாங்கூரின் சூஸரெய்ன் என்றும், அரசரை அவருக்குக் கீழ்ப்பட்ட சிற்றரசர் என்றும் அவர் விளக்குகிறார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அவரே காலையில் சொன்ன இலக்கணத்துக்கு அது பொருந்தவில்லை. சூஸரெய்னுக்குக் கீழ் இருப்பவரிடம் அவருடையது என்று ஒரு நாடு இருக்க வேண்டும். திருப்படித்தானத்துக்குப் பின் மார்த்தாண்ட வர்மருக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள நாடே இல்லை. முழுவதும் இறைவனுக்கு உரியதாகிவிட்டது. இறைவனே சாவரின், அரசர் அவருடைய காரியத்தைப் பார்க்கும் ஊழியர் என்று சொல்வதுதான் சரியாக இருக்கும். இன்னொன்றும் இருக்கிறது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயரும் உடன்படிக்கை எழுதியபோது கோயிலைத் தேடிப் போகவில்லை, அரசரிடமே கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு இறைவன் அரசர், வெளியே இருந்தவர்களுக்கு மார்த்தாண்ட வர்மர் அரசர் என்ற இந்த இரட்டை நிலையைச் சூஸரெய்ன் என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட முடியாது. இதை அவரிடமே சொன்னேன். மறுக்காமல் கேட்டு, தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். இத்தகைய பொறுமை வழிகாட்டிகளிடம் அரிது.

நவராத்திரிக் காலத்தில் இந்த மாளிகையில்தான் அரசரின் உடைவாள் கைமாறும் சடங்கு நடக்கிறது. தேவாரக்கெட்டுச் சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய தெய்வத் திருமேனிகள் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படும்போது வாளும் முன்னால் செல்கிறது. களியக்காவிளையில் எல்லை கடக்கிறது. இரு மாநிலக் காவலரும் அணிவகுத்து மரியாதை செய்கிறார்கள். ஆட்சி போன பின்னும் ஆட்சியின் அடையாளம் மதிக்கப்படுவதற்கு இதைவிட நல்ல சான்று நம் பக்கத்தில் இல்லை. இயலுமானால் அந்தப் பருவத்தில் இந்த நடைக்குப் பதிவு செய்யலாம்.

இரண்டாவது கருத்து வேறுபாடு சற்றுப் பெரியது. தலைநகர் 1795இல் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. கிழக்கிந்தியக் கம்பெனியோடு திருவிதாங்கூர் நிலையான உடன்படிக்கை செய்துகொண்டதும் அதே 1795இல்தான். இதை வைத்து, பத்மநாபபுரம் என்பது மேலே எவரும் இல்லாத காலத்தின் அரண்மனை, திருவனந்தபுரம் என்பது மேலே ஒருவர் வந்துவிட்ட காலத்தின் தலைநகர் என்று ஆசிரியர் அழகாகப் பிரித்துக் காட்டுகிறார். அந்தப் பிரிவினை அழகுக்காக உண்மையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறது. தலைநகர் இங்கே இருந்தபோதே, மார்த்தாண்ட வர்மருக்கு அடுத்து ஆண்ட தர்மராஜா காலத்திலேயே ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குத் திருவிதாங்கூர் கப்பம் கட்டியிருக்கிறது. அந்த நவாபும் பெயரளவில் தில்லி முகலாயருக்குக் கீழ்ப்பட்டவர். அதற்கும் முன்னால், திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டின் அரசர்கள் மதுரை நாயக்கர் படையெடுப்புகளைச் சந்தித்திருக்கிறார்கள். 1634இல் கணியாகுளத்தில் வீழ்ந்த வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளையின் கதையை இப்பகுதியில் வில்லடிச்சான் பாட்டாகப் பாடியிருக்கிறார்கள். மேலே எவரும் இல்லாத அரசர் என்பது இந்தத் தென்முனையில் மிகச் சில காலமே நீடித்த நிலை. திறை கட்டுவதும் நிறுத்துவதும் மறுபடி கட்டுவதுமாகத்தான் பெரும்பாலான ஆட்சிகள் நடந்திருக்கின்றன. சேர சோழ பாண்டியர் காலம் தொட்டுத் ‘திறை’ என்ற சொல் நம் இலக்கியத்தில் இவ்வளவு புழங்குவதற்கும் அதுவே காரணம். இந்த அலைவைச் சொல்லியிருந்தால் விளக்கம் குறைந்திருக்காது, கூடியிருக்கும்.

அரண்மனையை விட்டு வெளியே வந்ததும் சாயாவுக்கும் ரசவடைக்கும் அரை மணி நேரம் நிற்கிறோம். கடை வராந்தாவில் அமர்ந்தபடியே ஆசிரியர் சட்டைப் பையிலிருந்து சிறு துணிப்பொதியை எடுத்து இரண்டு நாணயங்களை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒன்று பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய். அதில் மகுடம் சூடிய ஐந்தாம் ஜார்ஜின் தலை. மற்றொன்று தேய்ந்துபோன செம்பு நாணயமான திருவிதாங்கூர்ச் சக்கரம். அதில் எந்தத் தலையும் இல்லை, திருவிதாங்கூர் அரசரின் பெயரைக் குறிக்கும் ‘ஆர் வி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் பின்னிப் பிணைந்து கிடந்தன. லண்டன் அரசருக்குக் கீழ்ப்பட்டிருந்த காலத்திலும் தன் நாணயத்தைத் தானே அடித்துக்கொண்டது திருவிதாங்கூர். அஞ்சல் துறையையும் தானே நடத்தியது. நகைக்கடையில் நாம் எட்டு கிராம் தங்கத்தைச் சவரன் என்று கேட்டு வாங்குவதும் இந்தச் சாவரின் என்ற சொல்லைத்தான். அரசரின் தலை பொறித்த ஆங்கிலத் தங்க நாணயத்தின் பெயர் அது. நாணயத்தில் யார் தலை இருக்கிறது என்பது அலங்காரச் செய்தி அன்று; அந்த மண்ணின் உள்ளே யார் அரசர் என்பதற்கான விடை அது. இரண்டு நாணயங்களையும் கையில் வாங்கிப் பார்க்க அவர் விட்டார். செம்பின் விளிம்பு கூர் மழுங்கி, பல கைகள் தொட்டுப் புழங்கிய வழவழப்போடு இருந்தது.

பின் சிற்றுந்தில் தலக்குளம் போகிறோம். இது திருவிதாங்கூரின் தலைமை அமைச்சராக இருந்த வேலுத்தம்பி தளவாய் பிறந்த ஊர். இங்கே ஆசிரியர் உடன்படிக்கைகளின் தமிழாக்கத்தைப் பகுதி பகுதியாக வாசித்து விளக்குகிறார். நடையில் மிகக் கடினமான பகுதியும் மிகப் பயனுள்ள பகுதியும் இதுதான். 1795 உடன்படிக்கைப்படி கம்பெனியின் இசைவு இல்லாமல் அயல் வல்லரசுகளோடு திருவிதாங்கூர் உறவு வைத்துக்கொள்ளக் கூடாது. மாவேலிக்கரையில் 1753இல் இருந்த உரிமை இங்கே போய்விட்டது. 1805 உடன்படிக்கை அதற்கும் மேலே போயிற்று. ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். அது மட்டுமன்றி, நிதி முதல் நீதி வரை கம்பெனி அரசு சொல்லும் ‘அறிவுரை’க்கு அரசர் எப்போதும் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும் என்றும் எழுதப்பட்டது. அறிவுரை என்ற மென்மையான சொல்லின் வழியாக மேலரசர் மந்திரசாலைக்குள்ளும் நுழைந்துவிட்டார். அந்தப் பணம் கட்ட முடியாமல் எழுந்த நெருக்கடியும், கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்டு மெக்காலேயின் தலையீடும்தான் உடன்படிக்கைக்குத் துணைநின்ற வேலுத்தம்பியையே எதிர்ப்பாளராக மாற்றின. 1809 ஜனவரியில் குண்டறையில் அவர் வெளியிட்ட அறைகூவலும், சில வாரங்களில் ஆரல்வாய்மொழி அரண் உடைந்ததும், மண்ணடியில் அவர் உயிர் நீத்ததும் இப்பகுதியினருக்குத் தெரிந்த வரலாறு. அதை வீரக் கதையாக மட்டும் கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு மேலரசர் தன் எல்லையைத் தாண்டி உள்ளே வந்தபோது எழுந்த எதிர்ப்பாக அதைப் பார்க்கக் கிடைத்தது புதியது.

அங்கேயே அவர் சொன்ன இன்னொரு எடுத்துக்காட்டைத்தான் இந்த நடையின் ஆகச் சிறந்த விளக்கமாகக் கருதுகிறேன். கம்பெனி ஆட்சி முடிந்த 1858க்குப் பின் விக்டோரியா அரசி பிரிட்டிஷ் இந்தியாவின் நேரடி ஆட்சியாளர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, பணகுடியில் வாழ்ந்த ஒருவருக்கு அவர் சாவரின். அந்த மனிதர் பிரிட்டிஷ் குடிமகன், அவருடைய வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் போய், அங்கிருந்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகலாம். கணவாய்க்கு மேற்கே தோவாளையில் வாழ்ந்த அவருடைய மைத்துனருக்கு அதே விக்டோரியா அரசி சூஸரெய்ன் மட்டுமே. மைத்துனர் திருவிதாங்கூர் மகாராஜாவின் குடி. அவர் வழக்கு திருவிதாங்கூர் நீதிமன்றங்களோடு முடிந்துவிடும், லண்டன் போகாது. ஒரே மொழி பேசி, ஒரே சாமியைக் கும்பிட்டு, பெண் கொடுத்துப் பெண் எடுத்த இரண்டு குடும்பங்களுக்கு நடுவே ஓர் அரசியின் உறவுநிலை மாறிப்போனது. சாவரின், சூஸரெய்ன் என்பவை ஆட்களின் வகை அல்ல, உறவின் வகை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. எல்லையில் வாழ்பவர்களுக்கு இது உடனே விளங்குகிறது. எங்கள் குழுவில் பணகுடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் தன் குடும்பத்திலேயே இப்படி இரு பக்கமும் உண்டு என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

சட்டங்கள் இந்தச் சொற்களை எவ்வளவு கவனமாகக் கையாண்டன என்பதையும் அவர் விட்டுவிடவில்லை. 1889இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய பொருள்விளக்கச் சட்டம், பிரிட்டிஷ் இந்தியாவோடு அரசியின் ‘சூஸரெய்ன்டி’யின் (மேலரசர் நிலையின்) கீழ் உள்ள சுதேச அரசர்களின் நிலங்களும் சேர்ந்ததே இந்தியா என்று எழுதியது. 1926இல் வைசிராய் ரெடிங் பிரபு ஐதராபாத் நிஜாமுக்கு எழுதிய கடிதத்தில், பிரிட்டிஷ் முடியே இந்தியாவில் உச்ச அதிகாரம் உடையது, எந்தச் சுதேச அரசரும் அதனோடு சமமாக நின்று பேச முடியாது என்று அறுதியிட்டார். பின் 1947ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சுதேச அரசுகளின் மீது மன்னருக்கு இருந்த சூஸரெய்ன்டி முடிவுக்கு வருகிறது என்று சொல்லியது. இறையாண்மையைக் குறிக்கும் சாவரின்டி என்ற சொல்லை அங்கே போடவில்லை; ஏனெனில் திருவிதாங்கூர் மீது அது மன்னருக்கு இருந்ததில்லை. மேலே இருந்தவர் போய்விட்டால் கீழே இருப்பவர் தானாகவே முழு அரசர் ஆகிவிடுவாரா? ஆகிவிடுவார் என்று நம்பித்தான் திருவிதாங்கூரின் தலைமை அமைச்சரான திவான் சி.பி. ராமசாமி ஐயர் 1947 ஜூனில் திருவிதாங்கூர் தனி நாடாகும் என்று அறிவித்தார். ஜூலை 25 அன்று அவர் தாக்கப்பட்டதும், சில நாட்களில் மகாராஜா சித்திரைத் திருநாள் இந்தியாவோடு இணைய இசைந்ததும், 1949 ஜூலை 1இல் திருவிதாங்கூர்-கொச்சி உருவானதும் அடுத்தடுத்து நடந்தன. சட்டத்தின் எழுத்து திவான் பக்கம் ஓரளவு இருந்தது. மக்களின் விருப்பம் அவர் பக்கம் இல்லை. இறையாண்மை என்பது அரசரின் சொத்து என்ற பழைய எண்ணமே அந்த ஆண்டில் காலாவதியாகிவிட்டிருந்தது என்பதே என் எண்ணம்.

1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாட்டுடையது. அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இதைக் கேரளத்தின் மேலாட்சி என்று சொல்லலாமா என்று இளைஞர் ஒருவர் கேட்டதற்கு, அது சொத்தும் பராமரிப்பும் பற்றிய ஏற்பாடே தவிர ஆட்சியுரிமை அன்று என்று ஆசிரியர் சரியாகவே விடையளித்தார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். கையில் தரும் எட்டுப் பக்கக் குறிப்பேட்டில் சூஸரெய்ன் என்பதற்குச் சில இடங்களில் பேரரசர் என்றும், சில இடங்களில் மேலாட்சியர் என்றும் மாற்றி மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். வேறுபாட்டைக் கற்பிக்கவே உருவாக்கிய ஏட்டில் இது நேரக் கூடாது. பேரரசர் என்பது பரப்பைக் குறிக்கும் சொல். உறவைக் குறிக்க மேலரசர் என்று ஒன்றை நிலையாக வைத்துக்கொண்டால் போதும். அயல்நாட்டு எடுத்துக்காட்டுகளும் மிகக் குறைவு. இங்கிலாந்தில் எவருக்கும் கீழ்ப்படாத அரசரான வில்லியம், நார்மண்டியின் பிரபு என்ற வகையில் பிரான்ஸ் அரசருக்குக் கீழ்ப்பட்டவர் என்பது மட்டுமே இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழியினரான போயர்களின் குடியரசாக இருந்த டிரான்ஸ்வால் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம். 1881 பிரிட்டோரியா ஒப்பந்தத்தில் பிரிட்டிஷ் அரசியின் சூஸரெய்ன்டி எழுதப்பட்டது. 1884 லண்டன் ஒப்பந்தத்தில் அந்தச் சொல் இல்லை. இல்லாததால் உரிமை போயிற்றா, இல்லையா என்று இரு தரப்பும் வாதிட்டுக்கொண்டே 1899 போர் வரை போயின. திபெத்தின் மீது சீனாவுக்குச் சூஸரெய்ன்டி மட்டுமே உண்டு என்று பல பத்தாண்டுகள் சொல்லிவந்த பிரிட்டன், அது காலம் கடந்த கருத்து என்று கூறி அந்த நிலைப்பாட்டை 2008இல் கைவிட்டதையும் சேர்த்திருந்தால், இது பழங்கதை அன்று என்பது மாணவர்களுக்குப் புரிந்திருக்கும். உதயகிரியில் நேரம் போதவில்லை என்பது இன்னொரு குறை. கல்லறைக் கல்லின் தமிழ் வரிகளை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருக்கும்போதே சிற்றுந்து புறப்பட்டுவிட்டது.

கட்டணம் தலைக்கு 500 ரூபாய். அரண்மனை நுழைவுச் சீட்டும் புகைப்படக் கட்டணமும் தனி.  விடுமுறைக் காலங்களில் அரண்மனையில் கூட்டம் நெருக்கியடிக்கும். மந்திரசாலையில் நின்று ஒரு விளக்கத்தை முழுமையாகக் கேட்க வேண்டும் என்பவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பது நல்லது. காலணிகளை வாசலிலேயே விட வேண்டும். ஒடுக்கமான மரப்படிகள் ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர்களுக்குப் பூமுகத்திலேயே அமரவைத்து அந்தப் பகுதியை விளக்குகிறார். பத்தாம் வகுப்புக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குத் தலக்குளத்தில் நடக்கும் உடன்படிக்கை வாசிப்பு சலிப்பூட்டும். அரண்மனையோடு முடியும் குறுநடையை அவர்களுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களும் வரலாற்று ஆசிரியர்களும் முழு நடைக்கே வர வேண்டும்; வரும்போது 1805 உடன்படிக்கையின் ஆங்கில மூலத்தை ஒருமுறை படித்துவிட்டு வந்தால், தலக்குளத்தில் அவரிடம் கேட்கக் கேள்விகள் நிறையக் கிடைக்கும்.